கோடையிலேயே புறப்படும் குருவிகள்

குளிர் வந்ததும் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே பறந்து போகின்றன என்பது பள்ளிப் பாடப் புத்தகம் நமக்குக் கற்பித்த செய்தி. அச்செய்தி பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. வட அமெரிக்கக் கண்டத்தின் பாட்டுப் பறவைகளிற் பல, இலையுதிர்காலத்துக்குரிய தமது நெடும்பயணத்தை, இலை ஒன்றேனும் பழுக்குமுன்பே, வெயில் கொளுத்தும் ஜூலை மாதத்திலேயே தொடங்கிவிடுகின்றன. மக்கள் கடற்கரைகளில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருக்கும் வேளையில், அவர்கள் வீட்டு முற்றத்து மரத்திலிருந்து ஒரு குருவி ஓசையின்றி விடைபெற்றுப் போய்விடுகின்றது. போய்விட்டதைப் பின்னர் அறிபவர் சிலர். போகப்போவதை முன்னரே அறிபவர் மிகச் சிலர்.

அந்த மிகச் சிலர் எவ்வாறு அறிகின்றனர்? எந்த அடையாளங்களை அவர்கள் காண்கின்றனர்? அவற்றை அறிந்து வைத்திருப்பதால் விளையும் பயன்தான் என்ன? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

நெடும்பகல் நாட்டு விருந்தினர்

மாரியென்றும் கோடையென்றும் ஆண்டைப் பகுத்துப் பழகியவர்கள் நாம். வட அமெரிக்காவின் வடபாகத்திலோ நான்கு பருவங்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஜூன் 21 ஆந் திகதியை அண்டி அங்கே பகற்பொழுது மிக நீண்டிருக்கும். ஜூலையும் ஓகஸ்டும் கோடையின் உச்சம். செப்டெம்பர்ப் பிற்பகுதியில் இலையுதிர்காலம் பிறக்கும். ஒக்டோபரில் மேப்பிள் மரங்கள் செந்நிறம் பூணும். காட்டு வாத்துகள் ஆப்பு வடிவில் அணிவகுத்து, உரத்த குரலெழுப்பித் தெற்கு நோக்கிப் போகும். நகரத்தார் நிமிர்ந்து பார்ப்பது இந்தக் காட்சியைத்தான். ஆனால் அது ஒரு நீண்ட நாடகத்தின் பிற்பகுதி. முதற்காட்சி மூன்று மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

பருவத்துக்குப் பருவம் பறவைகள் இடம்பெயர்வதை வலசை போதல் என்பர். அக்கண்டத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் 650 க்கு மேற்பட்ட பறவையினங்களுட் பாதிக்கு மேலானவை வலசை போவன. அவற்றுட் பெருந்தொகையானவை மத்திய அமெரிக்காவுக்கும், கரிபியன் தீவுகளுக்கும், தென் அமெரிக்காவுக்கும் சென்று குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மஞ்சள் வாப்ளர் என்னும் சிறு பறவையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய பத்துக் கிராம். இரண்டு தேக்கரண்டிச் சீனியின் எடை. அவ்வளவு சிறிய உயிர் இளவேனிலில் வடக்கே வருவது, அங்கே பூச்சிகள் பெருகியிருப்பதாலும், குஞ்சுகளுக்கு இரை தேட நீண்ட பகல் கிடைப்பதாலுமே. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் வந்த காரியம் முடிந்தது. பிறகு அங்கே தங்கி நிற்பதில் அதற்கு ஆதாயம் எதுவுமில்லை.

சின்ன ஈபிடிப்பான் என்னும் மற்றொரு பறவையின் கதை இதனினும் வியப்புக்குரியது. கனடாவின் தென்பகுதியில் அது தங்குவது ஏறக்குறைய இரண்டு மாதங்களே. தாய் தந்தைப் பறவைகள் ஜூலையிலேயே புறப்பட்டுவிட, அவ்வாண்டிற் பிறந்த குஞ்சுகள் பின்னர் வழிகாட்டியின்றித் தாமாகவே தெற்கே போகின்றன. அமெரிக்க மக்கள் தம் நாட்டுப் பறவையென்று உரிமை பாராட்டினாலும், ஆண்டின் பெரும்பகுதியை அது தெற்கிலேயே கழிக்கின்றது. வடநாடு அதற்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்து போகும் வீடு மாத்திரமே.

முதல் அடையாளம்: அடங்கிய பாட்டு

மே, ஜூன் மாதங்களில் அந்நாட்டுச் சோலைகளில் விடியற்பொழுதில் எழும் பறவைப் பாட்டு செவியை நிறைக்கும். ஆண் பறவை பாடுவது பெரும்பாலும் இரண்டு தேவைகளுக்காக. ஒன்று, தன் எல்லையைக் காத்தல். மற்றது, துணையை அழைத்தல். ஜூலை நடுப்பகுதியாகும்போது இவ்விரண்டு தேவைகளும் தீர்ந்துவிடுகின்றன. பறவையின் குருதியில் பாட்டைத் தூண்டிய சுரப்புநீர்கள் குறைகின்றன; பாட்டும் ஓய்கின்றது.

பாட்டு அடங்கியதனாற் பறவை போய்விட்டது என்று முடிவு கட்டலாகாது. பெரும்பாலும் அது அருகிலுள்ள புதருக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். ஆயினும் ஆயத்தம் தொடங்கிவிட்டது என்பதற்கு இதுவே முதல் அறிவித்தல். அனுபவமுள்ளவர்கள், ஒவ்வொரு பறவையின் முதற்பாட்டைக் கேட்ட நாளைப் போலவே கடைசிப் பாட்டைக் கேட்ட நாளையும் குறித்து வைக்கின்றனர். முதற்பாட்டைக் குறிப்பது எளிது. கடைசிப் பாட்டோ, அதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாள்தோறும் குறிப்பெழுதுபவருக்கே அது அகப்படும். இதற்கு விலக்கும் உண்டு. சிவந்த கண்ணையுடைய விரியோ என்னும் பறவை ஓகஸ்ட் மாதத்திலும் நண்பகல் வெயிலிற் பாடிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாம் அடையாளம்: மாறும் உடை

குஞ்சு வளர்க்கும் வேலையில் தாய் தந்தைப் பறவைகளின் இறகுகள் தேய்ந்து கிழிந்து போகின்றன. கந்தலான சிறகுடன் கடல் கடக்க இயலாது. ஆகவே கிழக்குப் பகுதியிலுள்ள பாட்டுப் பறவைகளிற் பல, புறப்படுமுன் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிற் பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றைப் பெறுகின்றன. வால் குட்டையாகி, தலையில் இறகு திட்டுத்திட்டாக உதிர்ந்து, அழகிழந்து தோன்றும் ஒரு பறவையைக் கண்டால் அது நோயுற்றது என்று இரங்க வேண்டியதில்லை. பயணத்துக்கு அது புத்தாடை தைத்துக்கொண்டிருக்கின்றது.

பொபொலிங்க் என்னும் புல்வெளிப் பறவையில் இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். வேனிலில் ஆண் பறவையின் வயிறு கரியது, முதுகில் வெண்மை, பிடரியில் வெளிர்மஞ்சள். கோடையின் பிற்பகுதியில் இந்தக் கோலமெல்லாம் மறைந்து, பெண் பறவையைப் போலவே பழுப்பு நிறக் கோடுகளுடன் அது காட்சியளிக்கும். பின்னர் பொலீவியா, பரகுவே, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகளின் புல்வெளிகளுக்குப் புறப்படும். போக்கும் வரவுமாக ஓராண்டில் அது பறக்கும் தூரம் ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர்.

இவ்வாறு நிறம் மங்கிய பறவைகளை இனங்காண்பது கற்றவர்க்கும் கடினமே. ரோஜர் டோரி பீற்றர்சன் என்பார் 1934 இல் வெளியிட்ட பறவைக் கையேடு, அமெரிக்காவிற் பொதுமக்களைப் பறவை நோக்கும் பழக்கத்துக்கு ஈர்த்த பெருநூல். அதன் பிற்பதிப்புகளில், இலையுதிர்காலத்திற் குழப்பந்தரும் வாப்ளர்களுக்கென்றே தனிப் படப் பக்கங்கள் ஒதுக்கப்பட்டன என்றால் இந்தச் சங்கடம் எத்தகையது என்பது விளங்கும்.

மேற்குப் பகுதிப் பறவைகள் சிலவற்றின் வழக்கம் வேறு. புல்லொக்கின் ஓரியோல் போன்றவை கூடுகட்டிய இடத்தில் இறகு மாற்றுவதில்லை. கோடையில் அவ்விடங்கள் வறண்டுவிடுவதால், அவை முதலில் மெக்சிக்கோவின் வடமேற்குப் பகுதிக்கும் அதனை அடுத்த பிரதேசத்துக்கும் போகின்றன. அங்கே கோடைமழை பெய்து பூச்சிகள் பெருகும் காலத்தில் இறகு மாற்றி, அதன் பின்னரே எஞ்சிய பயணத்தைத் தொடர்கின்றன.

மூன்றாம் அடையாளம்: இடம் மாறித் தோன்றும் பறவை

ஒரு பறவை எங்கே கூடுகட்டும், எங்கே கூடுகட்டாது என்பதை நன்கு அறிந்தவருக்கே இந்த மூன்றாம் அடையாளம் புலப்படும். லூசியானா வாட்டர்திறஷ் என்னும் பறவை மலைச்சாரல் ஓடைக்கரைகளில் வாழ்வது. முதலிற் புறப்படும் பாட்டுப் பறவைகளுள் இதுவும் ஒன்று. ஜூலையிலேயே ஓடைக்கரைகளை விட்டு நீங்கத் தொடங்கிவிடும். அம்மாதத்தில் ஓடையெதுவும் இல்லாத ஊரிலே, ஒரு குட்டையின் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு அது நிற்குமாயின், அது வழிப்போக்கன் என்பதில் ஐயமில்லை. பழத்தோட்ட ஓரியோலும் இவ்வாறே ஜூலை நடுப்பகுதியிற் புறப்படத் தொடங்கிவிடும். மஞ்சள் வாப்ளர்களும் மாத முடிவுக்குள் வழிக்கொள்கின்றன. நியூ ஜேர்சி மாநிலத்தின் தென்கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் மே முனையில், கோடை முடியுமுன்பே விடியற்பொழுதில் இத்தகைய பறவைகள் பறந்து செல்வதைக் காண ஆர்வலர் கூடுகின்றனர்.

ஓகஸ்ட் மாதத்தில் மற்றுமோர் உபாயம் உண்டு. சிக்கடீ என்பது ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் சிறு பறவை. தன் பெயரைத் தானே சொல்வது போலக் கூவும். கோடை இறுதியில் சிக்கடீக்கள் சிறு கூட்டங்களாகத் திரியும்போது, இடம் அறியாத வலசைப் பறவைகள் அவற்றுடன் சேர்ந்துகொள்கின்றன. எங்கே இரை உண்டு, எங்கே பருந்து உண்டு என்பதை உள்ளூராரிடம் கேட்டறியும் பிரயாணிகளைப் போல! ஆகவே, ஓசையெழுப்பும் சிக்கடீயை முதலிற் கண்டுபிடித்து, அதன் அருகே மௌனமாக இலைகளுக்கிடையில் அசைபவற்றைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கூட்டை விட்டு வெளியேறிய இளம்பறவைகள் சிலகாலம் நாற்றிசையும் அலைந்து திரிவதுண்டு. அது வலசையன்று. ஒரு நாளில் ஒரு புதிய பறவையைக் கண்டதும் முடிவுக்கு வராது, காற்றையும் கவனிக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் முதன்முதலாகக் குளிர்ந்த வடமேற்குக் காற்று வீசி, மழைமேகம் கலைந்து, வானம் தெளிந்த இரவுக்கு அடுத்த காலையில், நேற்றில்லாத பல இனங்கள் ஒருசேர மரங்களில் தென்படுமாயின், அப்போது ஐயமின்றிச் சொல்லலாம், பயணம் தொடங்கிவிட்டது என்று.

நான்காம் அடையாளம்: கம்பியில் கூடும் கூட்டம்

தகைவிலான் என்று தமிழில் வழங்கும் குருவியினத்தார் பகலிலே பயணஞ் செய்பவர்கள். எனவே அவர்களின் ஆயத்தம் எவர் கண்ணுக்கும் தெரியும். ஜூலை மாதத்திலிருந்து மின்கம்பிகளில் அவர்கள் வரிசை வரிசையாக அமர்வதைக் காணலாம். நேற்றுப் பத்து, இன்று முப்பது, அடுத்த கிழமை முந்நூறு என்று அவ்வரிசை நீண்டுகொண்டே போகும்.

அவ்வினத்தில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறவை ஊதா மார்ட்டின். ஐரோப்பியர் வருமுன்பே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் சுரைக்குடுக்கைகளைக் கழிகளில் தொங்கவிட்டு இப்பறவைக்கு வீடமைத்துக் கொடுத்தனர். இன்று கண்டத்தின் கிழக்குப் பகுதியில் ஊதா மார்ட்டின் ஏறக்குறைய முழுவதும் மனிதர் அமைத்துக் கொடுக்கும் பெட்டிகளிலும் குடுக்கைகளிலுமே கூடுகட்டுகின்றது. முற்றத்திற் பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு, ஜூலையில் ஒருநாட் காலை அது வெறுமையாய்க் கிடப்பது மனத்தை வருத்தும் காட்சி. ஆயினும் அப்பறவைகள் அப்போதே பிரேசிலுக்குப் போய்விடவில்லை. பல ஊர்ப் பறவைகளும் ஏரித்தீவுகளிலும் பாலங்களின் கீழும் இரவு தங்க ஆயிரமாயிரமாய்க் கூடுகின்றன. விடியலில் அவை எல்லாத் திசைகளிலும் ஒரே வேளையில் எழுந்து பரவுவதை, மழையைக் கண்டறிய அமைத்த ராடர்க் கருவிகள் திரையில் விரியும் வளையமாகக் காட்டுகின்றன. மேகமில்லாத காலை வானத்தில் வானிலை நிலையத்தார் காணும் அவ்வளையம், கோடை நடுவிலேயே வலசை தொடங்கியமைக்குச் சான்று.

ஐந்தாம் அடையாளம்: இரவின் குரல்

பாட்டுப் பறவைகளிற் பெரும்பாலானவை இரவிலே பறக்கின்றன. இரவில் காற்று குளிர்ந்தும் அமைதியாகவும் இருக்கும். வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகற்பொழுதை இரை தேடுவதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். ஆகவே, ஊரார் நித்திரை செய்யும் வேளையில் அவர்கள் கூரைக்கு மேலே ஒரு பெரும்படை நகர்ந்து போகின்றது.

அதனை அறியச் செவி போதும். பறக்கும் பறவைகள் ஒன்றையொன்று தவறவிடாதிருக்கச் சிறு குரல் கொடுக்கின்றன. அது பாட்டன்று, நொடியளவும் நீளாத ஒரு கீச்சொலி. ஓகஸ்ட் பிற்பகுதியில், காற்று அடங்கிய இரவில், வீதிவிளக்குக்கு அப்பால் முற்றத்தில் நின்று செவிகொடுப்பவர்களுக்கு வீரி என்னும் பூங்குருவியின் குரலும் பொபொலிங்கின் குரலும் வானத்திலிருந்து துளித்துளியாக விழுவது கேட்கும்.

கண்ணாற் காணவும் ஒரு வழி இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் லௌரி, தொலைநோக்கியை முழுநிலவின் மீது நிறுத்தி, நிலவின் முகத்தைக் கடந்து செல்லும் பறவைகளை எண்ணும் முறையை வகுத்தார். 1952 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நான்கு இரவுகள், கண்டமெங்கும் தொண்டர்கள் தொலைநோக்கியுடன் விழித்திருந்து எண்ணிக் கணக்கு அனுப்பினர். இரவு வானத்தில் எத்துணைப் பெருந்தொகையான பறவைகள் செல்கின்றன என்பதற்குப் பரந்த அளவிற் கிடைத்த கணக்கு அது. இன்று கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வுகூடத்தாரும் அவர்களின் துணைவர்களும் ராடரின் உதவியால், மழை வருமா என்று முன்னறிவிப்பதைப் போலவே, இன்றிரவு பறவைகள் எவ்வளவு பறக்கும் என்றும் முன்னறிவிக்கின்றனர்.

ஏன் இத்துணை முன்கூட்டியே?

குளிர் வாட்டியதாற் போகவில்லை. பஞ்சம் வந்ததாலும் போகவில்லை. இரை நிறைந்திருக்கும் வேளையிலேயே புறப்படுகின்றனவே, அவற்றுக்கு நாள் குறித்துக் கொடுப்பது எது?

விடை, பகலின் நீளம். கனடாவில் ஆல்பேட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் றோவன், 1920 களின் நடுப்பகுதியில் எட்மன்ரன் நகரில் ஒரு சோதனை செய்தார். ஜுங்கோ என்னும் சிறு பறவைகளைக் கடுங்குளிர்காலத்திலே வெளிக்கூண்டுகளில் வைத்து, மாலைதோறும் மின்விளக்கெரித்து அவற்றின் பகலைச் சிறிது சிறிதாக நீளச் செய்தார். உறைபனி சூழ்ந்திருந்தும், இளவேனிலுக்குரிய உடல் மாற்றங்கள் அப்பறவைகளில் தோன்றின! பறவையின் உடல் வெப்பத்தையும் குளிரையும் அன்றி, ஒளியையே முதன்மையான நாட்காட்டியாகக் கொள்கின்றது என்னும் உண்மைக்கு இச்சோதனை வழி திறந்தது.

இது நமக்குச் சற்று விசித்திரமாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஆனால் வட அகலக்கோடு 45 பாகையில், ஜூன் 21 இல் ஏறக்குறைய பதினைந்தரை மணித்தியாலமாக இருக்கும் பகல், ஓகஸ்ட் 21 ஆகும்போது பதின்மூன்றே முக்கால் மணித்தியாலமாகச் சுருங்கிவிடுகின்றது. மனிதர் கோடை என்று மகிழ்ந்திருக்கும் போதே, பறவை தன் உடலில் அந்தத் தேய்மானத்தை உணர்ந்துவிடுகின்றது.

உணர்ந்ததும் பெரும்பசி எடுக்கின்றது. பூச்சியையும் பழத்தையும் வயிறார உண்டு, தோலின் கீழ்க் கொழுப்பைச் சேமிக்கின்றது. இந்தச் சேமிப்பின் வல்லமைக்கு வாப்ளர் இனத்துப் பிளாக்போல் என்னும் பறவையே சாட்சி. பன்னிரண்டு கிராம் அளவினதாகிய அப்பறவையின் முதுகில் அரைக் கிராம் எடையுள்ள கருவியைப் பொருத்தி ஆய்ந்தோர், 2015 இல் தமது முடிவை வெளியிட்டனர். கண்டத்தின் வடகிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலாக எங்கும் இறங்காமல், இரண்டு மூன்று நாட்களில் 2,270 முதல் 2,770 கிலோமீற்றர் வரை பறந்து அது கரிபியன் தீவுகளை அடைகின்றது.

திசையை அது எவ்வாறு அறிகின்றது என்பதற்கும் அழகியதொரு சோதனை உண்டு. ஸ்டீபன் எம்லென் என்னும் ஆராய்ச்சியாளர், இண்டிகோ பன்டிங் என்ற நீலக்குருவிகளைப் புனல் வடிவக் காகிதக் கூண்டுகளில் வைத்தார். கூண்டின் அடியில் மை தோய்ந்த தட்டு. வலசைக் காலம் வந்ததும் இரவில் நித்திரையின்றித் துள்ளும் பறவை, தான் போக விரும்பும் திசையில் மைக்காலடிகளைப் பதித்தது. செயற்கை வானம் காட்டும் மண்டபத்தில் இச்சோதனையை நிகழ்த்தி, பறவைகள் விண்மீன்களைக் கொண்டே திசையறிகின்றன என்று 1967 இல் எழுதினார். 1970 இல் அவர் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. துருவ நட்சத்திரத்துக்குப் பதிலாகத் திருவாதிரை நட்சத்திரத்தை மையமாகக் கொண்டு சுழலும் செயற்கை வானத்தின் கீழ் சில குஞ்சுகளை வளர்த்தார். இலையுதிர்காலம் வந்தபோது அவை திருவாதிரையையே வடதுருவமாகக் கொண்டு அதற்கு எதிர்த்திசையிற் புறப்படத் துடித்தன. எந்த நட்சத்திரம் வடக்கு என்பதை அவை பிறவியில் அறிந்திருக்கவில்லை. வானம் எதனைச் சுற்றிச் சுழல்கின்றது என்பதைக் குஞ்சுப்பருவக் கோடை இரவுகளிற் பார்த்தே கற்றுக்கொள்கின்றன.

எண்ணியவர்கள் கண்ட உண்மை

இவையெல்லாம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எவரேனும் கருதலாம். அவ்வாறன்று. 2019 இல் அமெரிக்க, கனடிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். 1970 இல் இருந்ததைவிட அவ்விரு நாடுகளிலும் ஏறக்குறைய 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன; அதாவது பத்தில் மூன்று பங்கு இல்லாமற் போய்விட்டது. அழிந்தவை அரிய பறவைகள் மாத்திரமல்ல. முற்றத்திலும் வயலிலும் எவரும் கண்டு பழகிய சாதாரணக் குருவிகளே அவற்றுட் பெருந்தொகையானவை.

இக்கணக்கு எங்கிருந்து கிடைத்தது? 1966 இல் தொடங்கிய கோடைக்காலப் பறவைக் கணக்கெடுப்பும், 1900 ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்றுவரும் நத்தார்க்காலக் கணக்கெடுப்பும் இதற்குப் பேருதவி புரிந்தன. ஊதியமின்றி, அதிகாலையில் எழுந்து, கேட்டதையும் கண்டதையும் எழுதி வைத்த பல்லாயிரம் சாதாரண மக்களின் உழைப்பு அது. இரவு வானத்து ராடரும் அதே குறைவைக் காட்டியது. நாளாந்தம் கவனிப்போர் இல்லாதிருப்பின், சோலை மெல்ல மெல்ல மௌனமானதை எவரும் அறிந்திரார்.

குறைவுக்குக் காரணங்கள் பல: புல்வெளிகள் பயிர்நிலமாயின, காடுகள் அழிந்தன, பூச்சிகொல்லி மருந்துகள் இரையை ஒழித்தன, வீட்டுப் பூனைகளும் பெருந்தொகையான பறவைகளைக் கொல்கின்றன. இவற்றுடன் கண்ணாடியும் சேர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாத்திரம் கட்டடக் கண்ணாடிகளில் மோதி ஆண்டுதோறும் மாளும் பறவைகள் 36 கோடிக்கும் 99 கோடிக்கும் இடைப்பட்டவை என்று 2014 இல் மதிப்பிடப்பட்டது. இரவிலே பறப்பவற்றை நகரத்து விளக்கொளி ஈர்க்கின்றது. காலையிற் கண்ணாடியிற் தெரியும் மரத்தின் நிழலை மரமென்று நம்பி அவை மோதுகின்றன.

சிக்காகோ நகரில் ஏரிக்கரையை அடுத்துள்ள மக்கோமிக் பிளேஸ் என்னும் மாநாட்டு மண்டபம் இதற்குச் சான்று. பீல்ட் அரும்பொருட்சாலையைச் சேர்ந்த டேவிட் வில்லாட் 1978 முதல் அம்மண்டபத்தின் அடியில் விழுந்து கிடக்கும் பறவைகளைப் பொறுக்கிக் குறித்து வந்தார். 2023 ஒக்டோபர் 5 ஆந் திகதி காலையில் மாத்திரம் அங்கே ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் இறந்து கிடந்தன. மறு ஆண்டுக் கோடையில் அம்மண்டபத்தின் கண்ணாடிகளெங்கும் சிறு புள்ளிகள் கொண்ட மெல்லிய தாள் ஒட்டப்பட்டது. அதன் பின்னர் வந்த இலையுதிர்காலத்தில் சாவு மிகமிகக் குறைந்தது. இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இடும் புள்ளிகள், ஒரு குருவியின் ஆயிரக்கணக்கான மைல் பயணத்தைக் காப்பாற்றப் போதுமானவை. ஆனால் அப்புள்ளிகளை ஒக்டோபரில் நினைத்துக்கொண்டால் பயனில்லை. முதற்குருவி ஜூலையில் புறப்படுகின்றது. விளக்கணைப்பவரும் கண்ணாடிக்குப் புள்ளியிடுபவரும் கோடையிலேயே ஆயத்தமாதல் வேண்டும். முன்னடையாளங்களை அறிவதன் பயன் இங்கேதான் கைகூடுகின்றது.

நம் வானத்திலும் இதே நியதி

நமது நாட்டுக்கும் இந்த நியதியில் ஒரு பங்குண்டு. அமெரிக்கப் பறவைகள் பிரேசிலை நாடுவது போல, ஆசியாவின் வடபாகத்துப் பறவைகள் இலங்கையை நாடி வருகின்றன. அவை புறப்படும் இடத்தில் நிகழ்வதை நாம் காண்பதில்லை. வந்து சேர்வதையே காண்கின்றோம். அங்கே பாட்டு அடங்குவது அடையாளமெனின், இங்கே நேற்றில்லாத குரல் கேட்பது அடையாளம்.

யாழ்ப்பாணக் கடனீரேரிகளிலும் மன்னார்ச் சதுப்புகளிலும் ஓகஸ்ட் மாதத்திலேயே நீர்க்கரைப் பறவைகள் இறங்கத் தொடங்குகின்றன. மலைநாட்டு ஓடைகளில் சாம்பல் வாலாட்டி வந்து வாலாட்டும். புரட்டாதி, ஐப்பசியில் பழுப்புக் கீச்சான் வேலியோரத்தில் அமர்ந்து கீச்சிடும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவி, அதிகாலையிலும் அந்தியிலும் நம் வளவுகளிற் குரல் கொடுக்கும். ஆவணி மாதத்தில் நம் கரையில் நிற்கும் ஒரு பறவை, தன் கூட்டை விட்டுப் புறப்பட்டது வடநாட்டுக் கோடையின் நடுவில் என்பதை எண்ணிப் பார்த்தால், மேலே சொன்ன கதையின் பிற்பகுதி நம் முற்றத்திலேயே நிகழ்வது தெரியவரும். நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவர் அதன் போக்குவரவை அறிந்தே பாடினார். 1955 இல் ஜீ. எம். ஹென்றி இலங்கைப் பறவைகளைப் பற்றிய தமது கையேட்டை வெளியிட்டார். ஆகவே இத்துறை நமக்குப் புதியதன்று.

மாணாக்கர்கள் ஆற்றக்கூடிய பணி மிக எளியது. ஒரு கொப்பியை எடுத்து, ஆடி பிறந்ததிலிருந்து நாள்தோறும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ட பறவை, கேட்ட குரல், காற்றின் திசை, திகதி ஆகியவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிடின் நிறத்தையும் வாலின் ஆட்டத்தையும் எழுதுங்கள். பெயர் பின்னர் வரும். முதலாம் ஆண்டுக் குறிப்பு ஒரு பொழுதுபோக்காகவே தோன்றும். இரண்டாம் ஆண்டில் இரு திகதிகளை ஒப்பிடலாம். பத்தாம் ஆண்டில், உங்கள் ஊருக்கு முதல் வாலாட்டி எப்போது வருகின்றது, எத்தனை வருகின்றன, முன்போல வருகின்றனவா என்று கேட்பவர்க்கு விடை சொல்லக்கூடியவர் அவ்வூரில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். வீட்டிலுள்ள பெரியோரும் இதிற் பிள்ளைகளுடன் சேர்ந்துகொள்ளலாம். காலைத் தேநீருக்கு முன் பத்து நிமிடம் எவருக்கும் பாரமாகாது.